எங்கே இறக்குவது என்று ரத்தத்துக்கு யார் சொல்வது?

மூட்டுவலிக்கு மாத்திரை வாங்கும்போது, "இது நேரா முட்டிக்குத்தானே போகும்?" என்று கேட்பவர்களைத் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கத்து மெடிக்கல் ஷாப்களில் பார்க்கலாம். சிரிக்கிற கேள்வி இல்லை அது. மாத்திரைக்கு முட்டி இருக்கும் இடம் எப்படித் தெரியும்?

தெரியாது. குடலில் கரைந்து ரத்தத்தில் சேர்ந்த மருந்து முட்டிக்கும் போகும், மூளைக்கும் போகும், இடது கால் சுண்டுவிரலுக்கும் போகும். முட்டியில் வலியைக் கிளப்பும் ஒரு வேதிப்பொருள் உண்டாவதை அது தடுக்கிறது, அதனால் வலி குறைகிறது. அதே குடும்பத்து வேதிப்பொருள்தான் இரைப்பையின் உள்தோலைக் காக்கிறது, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தையும் பார்த்துக்கொள்கிறது. அங்கேயும் மருந்து போய் அதைத் தடுக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் மாதக்கணக்கில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை வாங்கிப் போடுகிறவர்களுக்கு வயிறு புண்ணாவதும், சிலருக்குச் சிறுநீரகம் கெடுவதும் இதனால்தான்.

ரத்தத்தைப் பற்றி விளக்க வருகிறவர்கள் வழக்கமாக லாரியைத்தான் உதாரணம் சொல்வார்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் துறைமுகத்தைப் பார்த்து வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளோடு வாழ்கிற நமக்கு இது சட்டென்று பிடிபடும். ஆனால் ஒவ்வொரு லாரி டிரைவர் கையிலும் ஒரு சீட்டு இருக்கிறது, அதில் இறக்க வேண்டிய இடம் எழுதியிருக்கிறது. ரத்தத்திடம் சீட்டே கிடையாது. எல்லாச் சரக்கும் எல்லா வாசலையும் தாண்டிப் போகிறது. எதை எங்கே, எவ்வளவு இறக்குவது என்பது போய்ச்சேர்ந்த இடத்தில்தான் முடிவாகும். ஏற்றுகிற பாதியைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்து விடுகிறார்கள். இதயத்துக்கு நான்கு அறை, நுரையீரலில் ஆக்சிஜன் ஏறும் என்று படம் வரைந்து பாகம் குறித்து மார்க்கும் வாங்கியிருப்போம். இறக்குகிற பாதியைத்தான் யாரும் சரியாகச் சொல்வதில்லை. பல நோய்கள் கிளம்புவது அந்தப் பாதியில்.

வளர்ந்த ஒருவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் ஒரு நிமிடத்துக்குத் தள்ளுவதும் ஏறக்குறைய அதே 5 லிட்டர். அதாவது மொத்த ரத்தமும் நிமிடத்துக்கு ஒரு சுற்று. இதில் பாதிக்கு மேல், நூற்றுக்கு 55 பங்கு, பிளாஸ்மா என்கிற இளமஞ்சள் நீர். மிச்சம் அணுக்கள், அதில் கிட்டத்தட்ட எல்லாமே சிவப்பணுக்கள்.

சரி, ஆக்சிஜனில் தொடங்குவோம். நீரில் ஆக்சிஜன் அவ்வளவாகக் கரையாது என்பதுதான் பிரச்சினையே. ஒரு லிட்டர் ரத்தத்தின் நீரில் வெறுமனே கரைந்து போகக்கூடிய ஆக்சிஜன் சுமார் 3 மில்லி. சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்புக்கே நிமிடத்துக்கு 250 மில்லி வேண்டும். கணக்குப் போட்டால், கரைந்த ஆக்சிஜனை மட்டும் நம்பினால் இதயம் நிமிடத்துக்கு எண்பது லிட்டருக்கு மேல் இறைக்க வேண்டியிருக்கும். எந்த இதயமும் தாங்காது. சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின் என்ற இரும்புப் புரதம் வருவதால் அதே ஒரு லிட்டர் 200 மில்லி சுமக்கிறது. ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள். ஒவ்வொன்றிலும் நான்கு இரும்பணுக்கள், இரும்பணு ஒன்றுக்கு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு. இத்தனை இடத்துக்காகச் சிவப்பணு தன் உட்கருவையே வெளியே தள்ளிவிட்டுத்தான் எலும்பு மஜ்ஜையை விட்டுக் கிளம்புகிறது. அதன் ஆயுள் சுமார் 120 நாள்.

காசிமேட்டில் மீன் வாங்கத் தெரிந்தவர்கள் முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். பளிச்சென்று சிவந்திருந்தால் புதுசு, பழுப்பேறியிருந்தால் பழசு. அந்தச் சிவப்பு ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினின் சிவப்பு. நேரம் ஆக ஆக அதிலுள்ள இரும்பு நிலைமாறுகிறது, அந்த நிலையில் ஆக்சிஜனைப் பிடிக்க அதனால் முடியாது, நிறமும் பழுப்பாகிவிடும். சூரை மீன் சதை மாட்டுக்கறி மாதிரி கருஞ்சிவப்பாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஓயாமல் நீந்துகிற மீன் அது; அதன் சதையிலேயே மையோகுளோபின் என்று ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் இன்னொரு இரும்புப் புரதம் நிறைய இருக்கிறது. பக்கத்துக் கூடையில் இருக்கும் நண்டைப் பாருங்கள். வெட்டித்தரச் சொன்னால் சிவப்பு ரத்தமே வராது, தண்ணீர் மாதிரி ஏதோ வடியும், உற்றுப் பார்த்தால் லேசான நீலம். நண்டு, இறால், கடம்பா இவற்றுக்கெல்லாம் இரும்புக்குப் பதில் தாமிரம். ஹீமோசயனின் என்ற அந்தப் புரதம் அணுவுக்குள் அடைந்திருக்காமல் ரத்த நீரிலேயே கரைந்திருக்கும். ஆக்சிஜன் ஏறினால் நீலம், இறங்கினால் நிறமே இல்லை. ரத்தம் என்றால் சிவப்பு என்பது நம் பக்கத்து வழக்கம், அவ்வளவுதான்.

இறுக்கிப் பிடிப்பது பெரிய விஷயமில்லை. துரு கூட ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்துக்கொண்ட இரும்புதான். விடவேண்டிய இடத்தில் விடுவதில்தான் ஹீமோகுளோபினின் சாமர்த்தியம். வியாசர்பாடி மைதானத்தில் பந்தோடு ஓடும் பையனின் தொடைத் தசையை எடுத்துக்கொள்வோம். வேலை செய்கிற தசை சூடாகிறது, கார்பன் டை ஆக்சைடைக் கக்குகிறது, அங்கே அமிலம் கூடுகிறது. இந்த மூன்றும் ஹீமோகுளோபினின் வடிவத்தை லேசாக மாற்றி அதன் பிடியைத் தளர்த்துகின்றன. எந்தத் தசை அதிகம் உழைக்கிறதோ அங்கே அதிகம் சூடு, அதிகம் அமிலம். அதனால் அங்கே அதிகம் ஆக்சிஜன் கழன்றுவிழும். மூளையிலிருந்து உத்தரவு வர வேண்டியதில்லை. கார்பன் டை ஆக்சைடு கூடினால் பிடி தளர்கிறது என்பதைக் கோபன்ஹேகனில் கிறிஸ்டியன் போர் 1904ல் காட்டினார். அணுவின் அமைப்புக்காக 1922ல் நோபல் வாங்கிய நீல்ஸ் போரின் அப்பா. என்னைக் கேட்டால் அப்பா கண்டுபிடித்ததும் லேசுப்பட்டது இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நான்கு ஆக்சிஜனில் ஒன்று இறங்கினால் மற்றவையும் எளிதாக இறங்கும். ஏறும்போதும் அப்படியே, ஒன்று ஏறினால் அடுத்ததற்கு வழி சுலபம். நுரையீரலின் தந்துகியில், அதாவது மிக மெல்லிய ரத்தக்குழாயில், சிவப்பணு இருப்பதே ஒரு நொடிக்கும் குறைவு, அதில் முதல் கால் நொடியிலேயே நிரம்பிவிடுகிறது. உட்கார்ந்திருக்கும் ஆளின் திசுக்களுக்குப் போய்த் திரும்பிவரும் ரத்தத்தில் நான்கில் மூன்று பங்கு ஆக்சிஜன் அப்படியே இருக்கும். வீணாகத் திரும்புகிறது என்று நினைக்கக்கூடாது. திடீரென்று மாடி ஏற, பஸ்ஸைப் பிடிக்க ஓட, எடுத்துக்கொள்ள இருக்கும் கையிருப்பு அது.

கருப்பையில் இருக்கும் குழந்தைக்கு இந்தப் பிடிதான் உயிர். ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் பிரசவ ஆஸ்பத்திரி வாசலில், தாயின் ரத்தம்தான் பிள்ளைக்குள் ஓடுகிறது என்று சொல்லும் பாட்டிகள் உண்டு. ஓடுவதில்லை. நச்சுக்கொடியில் இரண்டு ரத்தமும் மெல்லிய சவ்வின் இரண்டு பக்கமும் போகின்றன, கலப்பதில்லை. குழந்தையின் ஹீமோகுளோபின் வேறு வகை. அதன் பிடி தாயுடையதைவிட வலுவானது, அதனால் தாய் ரத்தம் தளர்த்துகிற ஆக்சிஜனை அது வாங்கிக்கொள்கிறது. பிறந்த சில மாதங்களில் இந்த வகை குறைந்து பெரியவர்களுடைய வகை வந்துவிடும்.

கொரோனா சமயத்தில் வீட்டுக்கு வீடு வந்த பல்ஸ் ஆக்ஸிமீட்டரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி 1974ல் கண்டுபிடித்த வழி அது. விரலினூடே இரண்டு நிற ஒளியைப் பாய்ச்சி, இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்று சொல்லும். எத்தனை பங்கு என்றுதான் சொல்லும், மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. ஹீமோகுளோபின் 14 இருக்கிறவருக்கும் 98 காட்டும், 7 இருக்கிறவருக்கும் 98 காட்டும். இரண்டாமவரிடம் சரக்கு பாதிதான். உட்கார்ந்திருக்கும்வரை சமாளித்துவிடுவார், கையிருப்பில் இருந்து எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர் லாரியில் பிடித்த குடத்தை ஹவுசிங் போர்டு மூன்றாம் மாடிக்குத் தூக்கும்போதுதான் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். "கேஸ் டிரபிளாக இருக்கும்", "வயசாகுதில்ல" என்று அதற்கு ஒரு பேர் வைத்துவிடுவார்கள். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. ஆக்ஸிமீட்டரில் 98 பார்த்து நிம்மதியாகிவிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இரும்பே ரத்தத்தில் எப்படிப் பயணிக்கிறது என்பது தனி வேடிக்கை. தனியாகத் திரியும் இரும்பு உடம்புக்கு விஷம், சும்மா விட்டால் செல்களை அரித்துவிடும். அதனால் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதைக் கட்டிப்பிடித்தே கொண்டுபோகிறது. இரும்பு தேவைப்படும் செல் தன் மேற்பரப்பில் அதற்கான ஏற்பியை நீட்டும். டிரான்ஸ்ஃபெரின் ஒட்டியதும் மொத்தத்தையும் விழுங்கி, உள்ளே அமிலத்தால் இரும்பைக் கழற்றிக்கொண்டு, காலியான புரதத்தைத் திரும்ப ரத்தத்திலேயே விட்டுவிடும். ஒரு நாளைக்குப் புது ஹீமோகுளோபினுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு வேண்டும். சாப்பாட்டிலிருந்து உள்ளே வருவதோ 1, 2 மில்லிகிராம். மிச்சமெல்லாம் செத்த சிவப்பணுக்களிலிருந்து மீட்டது. மாதாமாதம் ரத்தம் போகும் பெண்களுக்கு இந்தக் கணக்கு உதைக்கிறது. ஒன்று மட்டும்: இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடாதீர்கள், டீயிலுள்ள துவர்ப்பு இரும்பை உள்ளே விடாது. எலுமிச்சை ஜூஸோடு போட்டால் நல்லது.

பிடித்ததை விடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கார்பன் மோனாக்சைடைவிட நல்ல பாடம் கிடையாது. அடைத்த அறையில் ஜெனரேட்டர் ஓட்டினாலோ, கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கினாலோ அது சேரும். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினில் உட்காரும். இடத்தைப் பிடிப்பது பாதித் தீங்குதான். நான்கில் ஓரிடத்தில் அது உட்கார்ந்தால் மற்ற மூன்றிடத்து ஆக்சிஜனையும் ஹீமோகுளோபின் விடமாட்டேன் என்கிறது. ரத்தம் செக்கச்செவேலென்று இருக்கும், சாதாரண ஆக்ஸிமீட்டர் அதையும் ஆக்சிஜன் என்றே நினைத்து நல்ல எண்ணைக் காட்டும், உள்ளே மூளை பட்டினி. நல்ல காற்றில் அது பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். ஆஸ்பத்திரியில் முழு ஆக்சிஜன் வைத்தால் ஒன்றரை மணி நேரம். சிகரெட்டை அதிகம் குடிப்பவர் உடம்பில் எப்போதும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு ஹீமோகுளோபின் இதற்கே போய்விடும்.

எண்ணூரில் 2023 டிசம்பர் 26 இரவு, கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது பெரியகுப்பம் மக்கள் நள்ளிரவில் தெருவுக்கு ஓடிவந்தார்கள். அமோனியா ஈரம் கண்ட இடத்திலேயே கரைந்து எரிக்கும்: கண், மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய். ரத்தத்துக்குப் போகும் முன்பே தன்னைக் காட்டிக்கொள்கிற விஷம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, எரிச்சலும் இல்லை; தூங்குகிறவன் தூங்கிக்கொண்டே போய்விடுவான். கழிவுநீர்த் தொட்டியில் இறங்கச் சொல்லிக் கொல்கிறோமே, அங்கே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு மூன்றாவது வகை. ஆக்சிஜன் செல்வரைக்கும் ஒழுங்காக வந்துசேரும், ஆனால் செல்லுக்குள் அதைப் பயன்படுத்தும் நொதியை இந்த வாயு முடக்கிவிடும். முதலில் அழுகின முட்டை நாற்றம் வரும், அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. உள்ளே இறங்கியவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து சாவது இதனால்தான்.

திரும்பும் வழியில் கார்பன் டை ஆக்சைடு. இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். கிட்டத்தட்ட நூற்றுக்கு 70 பங்கு பைகார்பனேட்டாக மாறி, அதாவது நம் வீட்டுச் சோடா உப்பில் இருக்கிற அதே பைகார்பனேட்டாக, பிளாஸ்மாவில் கரைந்து போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி ஹீமோகுளோபினிலேயே வேறிடத்தில் ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் அப்படியே கரைந்திருக்கும். நுரையீரலில் இது எல்லாம் தலைகீழாக நடந்து வெளியே வந்துவிடும்.

சாப்பாட்டுக்கு வருவோம். மொத்த 5 லிட்டர் ரத்தத்திலும் எந்த நேரத்திலும் இருக்கும் குளுக்கோஸ் சுமார் 5 கிராம், ஒரு டீஸ்பூன். ஒரு தட்டுச் சோற்றிலோ ஒரு பிளேட் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸிலோ இருக்கும் மாவுச்சத்து அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் இருக்கும். இதெல்லாம் ஒரேயடியாகப் பொது ரத்தத்தில் கொட்டினால் உடம்பு என்னத்துக்காகும்? அதனால் குடலிலிருந்து வரும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்கு. கல்லீரல் ஒரு பங்கை எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் ஊருக்குள் விடும். ராத்திரி பட்டினியில் அதையே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரும். நாம் விழுங்கும் மாத்திரைகளும் இந்த வழியாகவே போவதால் பல மருந்துகளில் ஒரு பகுதி கல்லீரலிலேயே காலி. ஊசி போட்டால் அந்த நஷ்டம் இல்லை.

தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் குளுக்கோஸ் இறங்க இன்சுலின் வேண்டும், மூளைக்கு வேண்டாம், அது பாட்டுக்கு எடுத்துக்கொள்ளும். சர்க்கரை வியாதி என்று நாம் சொல்வது இந்த இறக்குமிடத்துக் கோளாறுதான். இறங்காத குளுக்கோஸ் ரத்தத்திலேயே சுற்றும்போது ஹீமோகுளோபின் மேல் ஒட்டிக்கொள்கிறது, ஒட்டினால் அந்தச் சிவப்பணு சாகும்வரை போகாது. மூன்று மாதச் சர்க்கரை என்று எடுக்கும் எச்பிஏ1சி பரிசோதனை எண்ணுவது இதைத்தான். மூன்று மாதம் என்ற கணக்கு அந்த 120 நாள் ஆயுளிலிருந்து வந்தது. சிவப்பணு சீக்கிரமே உடைந்துவிடும் நோய் உள்ளவருக்கு இந்த எண் குறைவாகப் பொய் சொல்லும், இரும்புக் குறைவு ரத்தசோகையில் கூடுதலாகப் பொய் சொல்லக்கூடும்.

கொழுப்பின் பாதை வேறு. நீரில் கரையாத கொழுப்பைக் குடல் சிறு சிறு உருண்டைகளாக்கி, மேலே புரதத்தைப் பூசி அனுப்புகிறது. கைலோமைக்ரான் என்று பேர். தந்துகிக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரிது, அதனால் நிணநீர்க் குழாயில் ஏறி, கல்லீரலுக்குப் போகாமலேயே நெஞ்சுக்குள் மேலே போய், இடது தோளுக்குப் பக்கத்துப் பெரிய சிரையில் ரத்தத்தோடு சேர்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒருவர் ரத்தம் கொடுத்தால் லேபில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். குழாயைச் சுழற்றியதும் அடியில் சிவப்பு படியும், மேலே நிற்கும் சீரம் வழக்கமாகத் தெளிந்த மஞ்சளாக இருக்க வேண்டியது பால் கலந்த மாதிரி கலங்கியிருக்கும். கலங்கலில் ஒளி சிதறுவதால் மற்றச் சில பரிசோதனைகளும் தப்பாகிவிடும். வெறும் வயிற்றோடு வரச்சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். தசையிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ள தந்துகிச் சுவரில் ஒரு நொதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. உருண்டை கடந்துபோகும்போது கொழுப்பை வெட்டி அங்கேயே இறக்கிக்கொள்ளும். சில மணி நேரத்தில் சீரம் தெளிந்துவிடும்.

இத்தனை இறக்குமதியும் நடப்பது தந்துகிகளில்தான். ரத்தம் சுற்றிவருகிறது என்று வில்லியம் ஹார்வி 1628ல் நிரூபித்தபோது தமனிக்கும் சிரைக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று அவருக்குக் காட்ட முடியவில்லை. 1661ல் மால்பிகி தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கி வைத்துப் பார்த்த பிறகுதான் அந்த இடைவெளி நிரம்பியது. பெருந்தமனியில் நொடிக்குப் பல சென்டிமீட்டர் வேகத்தில் பாயும் ரத்தம் தந்துகியில் நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்குள் ஊர்கிறது. குழாய் சிறிதானால் வேகம் கூடத்தானே வேண்டும்? ஒரு குழாய் சிறிது, ஆனால் கோடிக்கணக்கான குழாய்களையும் சேர்த்தால் மொத்த அகலம் பெருந்தமனியைவிடப் பல நூறு மடங்கு. அந்த மெதுவில்தான் பொருள்கள் கைமாறுகின்றன. சில தந்துகிகள் சிவப்பணுவின் 7, 8 மைக்ரான் விட்டத்தைவிடக் குறுகல். அணு மடங்கித்தான் நுழையும்.

தந்துகிச் சுவர் ஒழுகும். ஒழுகவும் வேண்டும், இல்லாவிட்டால் எதுவும் வெளியே போகாது. உள்ளே அல்புமின் என்ற புரதம் தண்ணீரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பதால் ஒழுக்கு ஓர் அளவோடு நிற்கிறது, வெளியே போனதை நிணநீர் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. இந்தச் சமநிலை கெட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு மழைக்காலத்திலும் டெங்கு நமக்குக் காட்டிவிட்டுப் போகிறது. டெங்கு என்றாலே வீட்டில் எல்லாரும் கேட்பது "பிளேட்லெட் எவ்வளவு?" பப்பாளி இலையைத் தேடி ஒருவர் ஓடுவார். டாக்டர் பார்ப்பது பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் இன்னொரு எண்ணை: பிசிவி, ரத்தத்தில் அணுக்களின் பங்கு. டெங்குவில் தந்துகிச் சுவர் தளர்ந்து பிளாஸ்மா வெளியே கசிகிறது, வயிற்றுக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் தேங்குகிறது. உள்ளே மிஞ்சும் ரத்தம் கெட்டியாகும், பிசிவி ஏறும், தள்ள ரத்தம் போதாமல் இதயம் திணறும், கை கால் சில்லிடும். இது நடப்பது காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது இல்லை, விட்ட அந்த ஒன்றிரண்டு நாளில். "ஜுரம் விட்டுடுச்சு, வீட்டுக்குப் போலாம்" என்று தோன்றும் அந்த நேரத்தில்தான் வயிற்றுவலி, விடாத வாந்தி, சோர்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அல்புமினைச் செய்வது கல்லீரல். குடியால் கல்லீரல் சுருங்கியவர்களுக்கு வயிறு ஊதி, கால் வீங்குவதில் இரண்டு காரணம் சேர்ந்திருக்கிறது: போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறுகிறது, தண்ணீரை உள்ளே இழுக்க அல்புமினும் போதாது. அதே கல்லீரல்தான் புரதக் கழிவான அமோனியாவை யூரியாவாக்கி ரத்தத்தில் விடுகிறது. அது முடியாதபோது அமோனியா மூளைக்கு ஏறி, ஆள் பகலிரவு குழம்பி, உளறத் தொடங்குவார். பேய் பிடித்தது என்று மந்திரிக்கக் கூட்டிப்போகிறவர்களும் இருக்கிறார்கள். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் ஜூஸ், சூப் என்று வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் பார்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. சுத்தம் செய்கிற வேலையைச் செய்வது கல்லீரலும் சிறுநீரகமும். அந்த இரண்டையும் கெடுக்காமல் இருந்தால் போதும்.

சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து அரைக் கிலோகூட வராது. இதயம் தள்ளுவதில் ஐந்தில் ஒரு பங்கு அவற்றுக்கே போகிறது. ஒரு நாளைக்கு 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் ஒன்றரை இரண்டு லிட்டரைத் தவிர மற்றதை எல்லாம் திரும்ப ரத்தத்துக்கே அனுப்புகின்றன. அது நின்றுபோனவர்களுக்கு டயாலிசிஸ். ராயபுரம் பக்கத்துப் பெரியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்கிற ஸ்டான்லியிலிருந்து தனியார் மையங்கள்வரை, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை நான்கு மணி நேரம் படுத்துக்கிடப்பவர்களின் முன்கையைப் பார்த்தால் தோலுக்கடியில் ஒரு ரத்தக்குழாய் புடைத்திருக்கும். கைவைத்தால் உள்ளே ஓயாத அதிர்வு தெரியும். இயந்திரத்துக்கு நிமிடத்துக்கு 300 மில்லி அளவில் ரத்தம் வேண்டும், சாதாரணச் சிரை அவ்வளவு தராது. அதனால் தமனியையும் சிரையையும் அறுவைசிகிச்சையில் ஒட்டவைத்து, சிரையைப் பெருக்க வைக்கிறார்கள். அந்தக் கையில் பிபி பார்க்கக்கூடாது, ஊசி போடக்கூடாது, பை மாட்டக்கூடாது என்பது இதற்காக.

இந்த இயந்திரத்தால் தொட முடிவது ரத்தத்தை மட்டும். யூரியாவும் பொட்டாசியமும் பெரும்பாலும் இருப்பது ரத்தத்துக்கு வெளியே, செல்களுக்குள்ளும் திசுநீரிலும். இயந்திரம் ரத்தத்தைக் கழுவக் கழுவ உள்ளே இருப்பது மெதுவாக வெளியே வந்து சேரும், அந்த வேகத்துக்கு மேல் அவசரப்படுத்த முடியாது. டயாலிசிஸ் முடிந்த கையோடு ரத்தம் எடுத்துப் பார்த்தால் எண்கள் நன்றாக இருக்கும். ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் மறுபடி கொஞ்சம் ஏறியிருக்கும். நேரம் போகிறது என்று நான்கு மணி நேரத்தை மூன்றாக்கச் சொல்லி நர்ஸிடம் கேட்பவர்கள் உண்டு. குறைகிற அந்த ஒரு மணி நேரம், ரத்தத்திலிருந்து எடுப்பதற்கானது என்பதைவிடச் செல்கள் தங்களிடம் இருப்பதை ரத்தத்தில் இறக்குவதற்கானது. இரண்டு நாள் இடைவெளி விழும் வாரக்கடைசியில் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பு தடுமாறும் ஆபத்து அதிகம் என்பதால், இளநீரும் வாழைப்பழமும் அவர்களுக்கு அந்த நாட்களில் கட்டாயம் வேண்டாம்.